மாப்பிள்ளை போட்ட காவல்காரன்

முப்பத்தோரு வருஷம் ஒரு பம்புசெட் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். வார்ப்பு வந்து மேஜையில் உட்காரும். மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவிடுவேன். சப்ளையர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், முதலாளியின் சொந்தக்காரர்களே வந்து நின்றிருக்கிறார்கள். முடியாது என்றால் முடியாதுதான். அப்பேர்ப்பட்ட ஆள், ரிட்டயர் ஆன பிறகு, ஆர்.எஸ்.புரத்தில் சொந்த வீட்டில், நானே வாங்கி வைத்த கம்ப்யூட்டரிலிருந்து ஒரே ஒரு சாஃப்ட்வேரைக் கழற்றி எறிய ஏழு மாதம் திண்டாடினேன். காரணம் ரொம்ப எளிது. அது மாப்பிள்ளை போட்டது.

கம்ப்யூட்டர் என் பெயரில் இருந்தாலும் அதை முழுக்க ஆண்டவள் என் மகள்தான். விவசாயப் படிப்பில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். காரமடைப் பக்கம் கறிவேப்பிலைத் தோட்டங்களில் கொழுந்தைச் சுருட்டிப்போடும் ஒரு சின்னப் பூச்சி உண்டு. அதை எண்ணுவதுதான் அவள் வேலை. மூன்று வருஷம், சனிக்கிழமை தவறாமல், நான்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போவேன். அவள் செடிக்குச் செடி குனிந்து எண்ணிச் சொல்ல, நான் ஒரு கையில் குடை, ஒரு கையில் நோட்டு என்று நின்று எழுதுவேன். அப்படி ஐந்து நோட்டு. அந்த எண்களையெல்லாம் கணக்குப் போட்டு அட்டவணை எடுக்கும் புரோகிராமை அவளுடைய ஆய்வகத்தில் இந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் என்று அனுமதி போட்டுக் கொடுத்திருந்தார்கள். வேறு மெஷினில் அது ஓடாது.

ஆராய்ச்சி முக்கால் பாகம் முடிந்திருந்தபோது சென்னிமலையிலிருந்து சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம். பெட்ஷீட் தறி வைத்து வெளியூர்களுக்கெல்லாம் அனுப்புகிறவர்கள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா, "படிப்பெல்லாம் முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார்கள். "ஆச்சுங்க, எல்லாம் முடிஞ்ச மாதிரித்தானுங்க" என்றேன் நான். நல்ல காரியம் பேசும் இடத்தில் "இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது" என்று யாராவது சொல்வார்களா? மிச்சத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு முடித்துக்கொள்ளலாம் என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு. மாதம் ஒரு தடவை இரண்டு நாள் வருவாள், அம்மாவைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, கம்ப்யூட்டரில் உட்கார்ந்த மாதிரியும் ஆயிற்று. பெட்டியோடு தூக்கிக்கொண்டு போ கண்ணு என்றதற்கு, "அங்க எடமில்லீங்ப்பா" என்றாள். தறிக்கூடத்தை ஒட்டிய அவ்வளவு பெரிய வீட்டில் ஒரு மேஜைக்கா இடமில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தார். கையில் வழக்கம்போல ஆறு பெட்ஷீட். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு கட்டில், சேர்ந்திருப்பது இருபத்திரண்டு பெட்ஷீட். போதுமுங்க என்று சொல்ல எனக்கும் வாய் வராது, என் வீட்டுக்காரிக்கும் வாய் வராது. மறுநாள் காலைப் பலகாரம் முடிந்து பொழுது போகாமல் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"மாமா, சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்குதுங்களே. ஆன்ட்டிவைரஸ் ஏதும் போடலீங்களா?"

"இல்லீங்க மாப்பிள்ளை. அதும்பாட்டுக்கு ஓடிட்டிருக்குதுங்க."

"நாங்க அஞ்சு சிஸ்டத்துக்குச் சேத்து வாங்குனமுங்க. நாலு போக ஒண்ணு சும்மாதான் கெடக்குது. போட்டு உடறேனுங்க மாமா."

வேண்டாமுங்க என்ற ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கோட்டாலையே இல்லை. "ரொம்ப சந்தோசமுங்க மாப்பிள்ளை" என்றேன். சொன்னதோடு விட்டேனா? பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது ஏறி முடிகிற வரைக்கும், "அடேங்கப்பா, அடேங்கப்பா" என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து திரையின் மூலையில் ஒரு பச்சைக் கேடயம் குடியேறியது. நான் அதற்குக் காவல்காரன் என்று பெயர் வைத்தேன். காவல்காரன் என்றால் வாசலில் நிற்க வேண்டும். இவன் கூடத்தில் வந்து கால் நீட்டி உட்கார்ந்துகொண்டான். கம்ப்யூட்டரைப் போட்டால் அது விழிப்பதற்குள் நான் காபி குடித்துப் பேப்பரையும் பாதி படித்துவிடலாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் டிங்கென்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். உங்கள் கம்ப்யூட்டருக்கு நூற்றுக்கு அறுபத்து மூன்று மதிப்பெண்தான், கூடுதலாக வேண்டுமா என்று கேட்கும். நான் என்ன பரீட்சையா எழுதினேன்? இன்டர்நெட்டைத் திறந்தால் என் பழைய முதல் பக்கம் போய், அவனுடைய பக்கம் நிற்கும். பெட்டியை மூடலாம் என்றால் பெருக்கல் குறியைக் காணோம். நான் பெருக்கல் குறி போட்டே பிழைத்தவன், எனக்கே தேடிக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தைப்பொங்கல் நோம்பிக்கு வந்த மகள், அதுவரை ஓடிக்கொண்டிருந்த தன் புரோகிராமைத் திறந்தாள். திறக்கவில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை. அப்புறம் காவல்காரனின் உள்ளறைகளையெல்லாம் துழாவிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, என்ற புரோகிராமை இது திருடன்னு நெனச்சுப் புடிச்சு உள்ள போட்டிருச்சுங்க."

"வெளிய உடச் சொல்லு கண்ணு."

"பாஸ்வேர்டு கேக்குதுங்ப்பா."

"அப்ப கொஞ்ச நேரம் அத நிறுத்தி வை."

"அதுக்கும் பாஸ்வேர்டுங்க."

"அட எளவே! மொத்தமா எடுத்துக் கடாசு."

"அதுக்கும்தானுங்க."

பாஸ்வேர்டு மாப்பிள்ளையிடம். ஐந்து சிஸ்டத்துக்கும் எஜமானர் அவர்தான். "அவர்கிட்டக் கேக்கறதுதானே கண்ணு?" என்றேன். அவள் கீபோர்டையே பார்த்துக்கொண்டு, "நீங்களே கேளுங்ப்பா" என்றாள். சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரி கரண்டியோடு வந்துவிட்டாள்.

"ஏனுங்க, மாப்பிள்ளை ஆசையாப் போட்டுக்குடுத்தத எடுக்கோணும்ன்னு கேப்பீங்களா? அவிய என்ன நெனப்பாங்க?"

"என்ன நெனைக்கறது? ஒரு சாஃப்ட்வேரு!"

"இன்னைக்கு சாஃப்ட்வேரும்பீங்க. நாளைக்கு அவிய குடுத்த பெட்ஷீட்டு வேண்டாம்பீங்க. பொண்ணக் குடுத்த எடமுங்க!"

நியாயமாகப் பார்த்தால் பெட்ஷீட்டும் வேண்டாம்தான். அதை அப்போது சொல்லவில்லை.

கேட்டுவிடுவது என்றுதான் மாப்பிள்ளைக்கு நாலு தடவை போன் செய்தேன். மழை உண்டுங்களா என்று கேட்டேன். தறியெல்லாம் ஓடுதுங்களா என்று கேட்டேன். சம்பந்தி சுகங்களா, மலைக்கோயிலில் தைப்பூசக் கூட்டம் எப்படிங்க என்று கேட்டேன். "அப்பறமுங்க மாமா?" என்பார். "வேற ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை" என்று வைத்துவிடுவேன். நாலாவது தடவை அவரே, "சிஸ்டம் நல்லா ஓடுதுங்களா மாமா?" என்று கேட்டார். அடடா, கதவே திறந்துவிட்டதே! "சும்மா பறக்குதுங்க" என்றேன். எனக்கு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

பாஸ்வேர்டு இல்லாமல் எடுக்க வழியில்லையா என்ன? பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு காந்திபுரத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், அனுபவஸ்தர். "எடுத்துப்போடலாமுங்க சார்" என்றார். கம்ப்யூட்டரை ஏதோ பாதி மயக்கத்தில் எழுப்பி, காவல்காரன் கண் விழிப்பதற்குள் அவனுடைய ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக அழித்தார். பச்சைக் கேடயம் போயிற்று. வீட்டுக்கு வந்து போட்டால் காபிக்கு நேரமே இல்லை, உடனே விழித்துக்கொண்டது. நான் மகளுக்குப் போன் போட்டு, இந்த வாரமே வா கண்ணு என்று சொல்லிவிட்டு, மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மாப்பிள்ளையின் போன் என் வீட்டுக்காரிக்கு வந்தது.

"அத்தை, மாமா சிஸ்டத்துல அந்த ஆன்ட்டிவைரஸ் எடுபட்டுப்போச்சுன்னு எனக்கு மெசேஜ் வந்துதுங்க. ஏதாச்சும் பிரச்சனைங்களா?"

அந்தப் பயல் செத்தும் கோள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்! என் வீட்டுக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஐயோ, அதெல்லாமில்லீங்க மாப்பிள்ளை. இவிய தெரியாம கையை வெச்சிருப்பாங்க."

"பரவால்லீங்க அத்தை. மாமாகிட்டக் குடுங்க, இங்கிருந்தே திருப்பிப் போட்டு உடறேன்."

போன் என் கைக்கு வந்தது. அவர் ஒரு லிங்க் அனுப்பினார். அதை அழுத்தச் சொன்னார், அழுத்தினேன். சம்மதமா என்று கேட்டது, சம்மதம் என்று அழுத்தினேன். உண்மையிலேயே சம்மதமா என்று மறுபடி கேட்டது. உலகத்திலேயே என் சம்மதத்தை இரண்டு தடவை கேட்டது அது ஒன்றுதான். அதற்கும் சம்மதம் என்று அழுத்தினேன். காலையில் ஆட்டோ வைத்துப் போய் எடுத்ததை மாலையில் என் விரலாலேயே ஏற்றிக்கொண்டு, "ரொம்பத் தேங்க்ஸுங்க மாப்பிள்ளை" என்றேன்.

இந்தத் தடவை வந்தது ஒருவன் இல்லை, ஒன்றரை ஆள். கடைக்காரர் அழித்ததில் பாதி எங்கெங்கோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. புதிதாக வந்தவன், இங்கே ஏற்கனவே ஒருவன் இருக்கிறானே என்று புகார் சொன்னான். பழையவனுடைய மிச்சம், என்னைக் காணோமே என்று தேடியது. இரண்டும் கட்டிப் புரண்டதில் கம்ப்யூட்டர் நடுநடுவே தானாக நின்று நின்று எழுந்தது. மகளின் புரோகிராம் மறுபடி சிறைக்குள் போயிற்று. அந்த வாரம் வந்தவள் பார்த்துவிட்டு, அம்மாவோடு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

மாசி போயிற்று, பங்குனி போயிற்று, சித்திரையும் முடிந்தது. வைகாசியில் ஒரு சனிக்கிழமை காலை வந்தாள். முகமே சரியில்லை. அவளுடைய பேராசிரியர் கடைசித் தேதி சொல்லிவிட்டாராம். திங்கள்கிழமைக்குள் திருத்திய அட்டவணைகள் போக வேண்டும். இல்லாவிட்டால் பதிவு காலாவதி, பழையபடி முதலிலிருந்து. மூன்று வருஷம், ஐந்து நோட்டு, எத்தனையோ சனிக்கிழமை, எல்லாம் அந்த ஒரு புரோகிராமுக்குள் உட்கார்ந்திருந்தது.

கம்ப்யூட்டரைப் போட்டாள். காபி ஆறிற்று. கேடயம் வந்தது. புரோகிராமை அழுத்தினாள். டிங். பாஸ்வேர்டு. கம்ப்யூட்டர் ஒரு தடவை தானாக நின்று எழுந்தது. மறுபடி அழுத்தினாள். டிங். நான் பின்னால் நின்று திட்டாத திட்டெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் கோபப்படவே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"பரவால்லீங்ப்பா. அப்பறம் பாத்துக்கலாம்."

எங்கள் பக்கத்தில் "அப்பறம் பாத்துக்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? இடம் விலைக்குக் கேட்டு வந்தவரிடம், நிச்சயமாகக் கொடுக்கப்போவதில்லை என்று முடிவு செய்த பிறகு நாங்கள் சொல்வது அது. பிடிக்காத ஜாதகத்தைத் திருப்பும்போது சொல்வது அது. என் பெண் தன் ஆராய்ச்சிக்குத் தலைமுழுகிவிட்டு, என் மனசு நோகக் கூடாதே என்று மரியாதையாகச் சொல்கிறாள். போனை எடுத்தேன்.

"யாருக்குங்க போடறீங்க?" என்று என் வீட்டுக்காரி ஓடி வந்தாள்.

"மாப்பிள்ளைக்கு."

"சாமி, வேண்டாமுங்க..."

"நீ அக்கட்டப் போ."

மாப்பிள்ளை எடுத்தார். பின்னால் தறிச் சத்தம். மழை உண்டுங்களா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"மாப்பிள்ளை, தப்பா நெனைக்கக் கூடாதுங்க. நீங்க போட்ட அந்தக் காவல்... அந்த ஆன்ட்டிவைரஸ் எனக்கு வேண்டாமுங்க. தீவாளியில இருந்தே வேண்டாமுங்க. போன வாட்டி கை தவறிப் போகல, நானேதான் கடைக்குக் கொண்டுபோய் எடுத்தேன். பாஸ்வேர்டு குடுங்க."

தறிச் சத்தம் மட்டும் கேட்டது. என் வீட்டுக்காரி சுவரோடு சாய்ந்துவிட்டாள். அப்புறம் மாப்பிள்ளை ஒரு பக்கமாக நகர்ந்து போனார் போலிருக்கிறது, சத்தம் குறைந்தது.

"அட, இதுக்கேனுங்க மாமா இத்தன நாளு? சொல்லியிருந்தா அன்னைக்கே எடுத்துருப்பேனுங்களே. என்ற சிஸ்டத்துலயும் அது பெரிய தொல்லைதானுங்க. அஞ்சுக்கும் வாங்கிட்டமேன்னு வெச்சுட்டிருக்கறேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு மாதம்!

"இப்ப என்னத்துக்குங்க மாமா அவசரம்? திங்கக்கெழம நானே வாரேனே."

"திங்கக்கெழம ஆகாதுங்க. பாப்பா ஆராய்ச்சிக் கணக்கெல்லாம் அதுக்குள்ள மாட்டிட்டிருக்குது. அன்னைக்குள்ள அவ அனுப்போணுங்க."

"என்ன ஆராய்ச்சிங்க?"

"அவ படிப்புதானுங்க. டாக்டர் பட்டத்துக்கு."

"படிப்பு முடிஞ்சுபோச்சுன்னுதானுங்களே மாமா அன்னைக்கு நீங்க சொன்னீங்க? அத்தைக்கு மூட்டு வலின்னு சொல்லித்தானுங்க மாசாமாசம் வாரா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்களே. நான் வேண்டாம்ன்னா சொல்லப்போறேன்?"

நான் திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றிருந்தாள். என் வீட்டுக்காரிக்கு மூட்டு வலியே கிடையாது.

மாப்பிள்ளை பாஸ்வேர்டு சொன்னார். வைத்துவிடாமல் கூடவே இருந்து, தன் பக்கத்தில் பட்டியலிலிருந்து என் கம்ப்யூட்டரின் பெயரையும் நீக்கினார். இல்லாவிட்டால் அது தேடிக்கொண்டு திரும்பி வரும் என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு நான் அழிக்க ஆரம்பித்தேன். போகிறவன் சும்மா போனானா? ஏன் என்னைப் பிரிகிறீர்கள் என்று கேட்டான். உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் விழும் என்று பயமுறுத்தினான். ஆறு மாதம் இலவசம் என்று காலில் விழுந்தான். பிறகு நினைவூட்டவா என்ற பொத்தான் பெரிதாகவும் பச்சையாகவும் இருந்தது, வேண்டாம் என்ற எழுத்து மூலையில் சாம்பல் நிறத்தில் ஒளிந்திருந்தது. பார்த்துப் பார்த்து வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று அழுத்தினேன். கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டேன். அந்தக் கம்பெனியே கொடுக்கும் துடைக்கிற புரோகிராம் ஒன்றை மாப்பிள்ளை அனுப்பினார். அதை ஓட்டியதும், கடைக்காரர் விட்டுவைத்த பழையவனின் மிச்சமும் போயிற்று. இன்டர்நெட்டின் முதல் பக்கத்தை மாற்றினேன். கம்ப்யூட்டர் விழிக்கும்போதே கூட எழுந்திருப்பவர்களின் பட்டியலைத் திறந்து, வார்ப்பைப் பார்ப்பதுபோல் வரிவரியாகப் பார்த்தேன். அவன் பெயர் எங்கேயும் இல்லை. மகளின் புரோகிராம் அந்தச் சிறையிலிருந்து விடுதலையாகி, பழைய இடத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

"ஆச்சுங்க மாப்பிள்ளை" என்றேன்.

"மாமா, நானும் ஒண்ணு சொல்லட்டுங்களா? தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அத்தை நான் வர்றப்பல்லாம் ஒப்புட்டு சுடறாங்களுங்க. எனக்கு இனிப்பே ஆகாதுங்க மாமா."

இலைக்கு ஐந்து என்று கணக்கு வைத்து, நெய்யை ஊற்றி, நானும் என் வீட்டுக்காரியும் இரண்டு பக்கமும் நின்று பரிமாறியிருக்கிறோம். அவரும் தின்று தொலைத்திருக்கிறார், பாவம். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்படியே பெட்ஷீட் சங்கதியையும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அவகிட்டக் குடுங்க மாமா" என்றார்.

மகள் போனை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். கண் சிவந்திருந்தது. மாப்பிள்ளை நாளைக்கு வருகிறாராம், அட்டவணை சரிபார்க்க ஆள் வேண்டுமே என்றாராம். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து புரோகிராமைத் திறந்தாள். சட்டென்று திறந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏன் கண்ணு, அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே? அவரு வேண்டாம்ன்னு சொல்ற ஆளில்லையே?"

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அத்தனை ஒறம்பரை சனத்துக்கு முன்னால முடிஞ்சுதுன்னு சொன்னீங்களேப்பா. இன்னும் முடியலைன்னு நான் போய்ச் சொன்னா, எங்கப்பா பொய் சொன்னாருன்னுதானுங்களே ஆகும்?"

ஏழு மாதமாக நான் அந்தக் கேடயத்தைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளோ கல்யாணமான நாளிலிருந்து, நான் ஒரு நொடியில் சொல்லி மறந்துவிட்ட ஒரு வார்த்தையைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பீரோவைத் திறந்து, மேலே இருந்த பெட்ஷீட்டுகளை அகற்றிவிட்டு, அடியிலிருந்த ஐந்து நோட்டையும் எடுத்து வந்து அவள் பக்கத்தில் நாற்காலி போட்டேன்.

"வாசிங்ப்பா, நான் சரிபாக்கறேன்" என்றாள்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். முதல் நோட்டு, முதல் பக்கம், என் கையெழுத்து. முதல் வரிசை, முதல் செடி, பதினேழு பூச்சி என்று வாசிக்க ஆரம்பித்தேன்.